எல்டன் ரிங்கைத் தனியாக ஆடப் போகிறவர்களுக்கு

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வெளியானபோது அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ரொம்பப் பெரிய உலகம், ரொம்பக் கடினம். கூட ஆட யாரும் இல்லை. இந்த வகை கேம்களில் முன்பழக்கமும் கிடையாது. கதை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் வழிகாட்டி வீடியோ எதையும் தொடவில்லை. அப்படியே தனியாகப் போய்ப் பல மாதங்கள் அலைந்தேன். அந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்தது நிறைய, அதை யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் வீணாகப் போன இரவுகளும் நிறைய. அவற்றில் பெரும்பகுதி, கேம் வாய்விட்டுச் சொல்லாத நாலைந்து சின்ன விஷயங்கள் தெரியாததால் போனவை. ஒரே ஒரு ஆள் ஒரு பத்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் போதும்.

இந்த கேமைப் பொறுத்தவரை சொன்னால் சுவை போய்விடும் விஷயங்கள் உண்டு. சொல்லாவிட்டால் ஆளே வெறுத்துப் போய் அணைத்துவிடும் விஷயங்களும் உண்டு. இரண்டாவது வகையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கக் குகையிலிருந்து மேலே வந்து கதவைத் தள்ளினால் லிம்கிரேவ் என்ற முதல் நிலப்பகுதி விரியும். தொலைவில் வானத்தை மறைத்துக்கொண்டு தங்க மரம், கீழே புல்வெளி, பாதையில் தங்கக் கவசம் போட்ட ஒரு குதிரைவீரன் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பான். வேறு எந்த கேம் ஆடி வந்தவருக்கும் மனதில் ஓடுவது ஒன்றுதான்: முதலில் கண்ணில் படுகிறவன், அப்படியானால் இவனை ஜெயித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த இடத்தில் நான் தொலைத்த நேரத்தை இப்போது நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது. அவனைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். நல்ல குதிரையும் கொஞ்சம் லெவலும் வந்தபிறகு திரும்பி வந்தால் போதும், அவன் அங்கேயேதான் இருப்பான். இந்த உலகத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இதே விதி. ஒரு எதிரி இரண்டு அடியில் உங்களைக் கொன்றால், உங்கள் கை சரியில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கம் அப்புறம் வா என்று கேம் சொல்வது அப்படித்தான். வேறு திசையில் போங்கள்.

சரி, குதிரை எப்படி வரும்? அதையும் கேம் சொல்லாது. கிரேஸ் எனப்படும் தங்கப் பொறிகளில் ஓய்வெடுப்பீர்கள் இல்லையா, வெளி நிலத்தில் அப்படி மூன்று கிரேஸ்களைத் தொட்டதும் மெலினா என்ற பெண் வந்து பேசுவாள். அவள் சொல்வதற்குச் சம்மதித்தால்தான், எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் ரூன்களைக் கொண்டு லெவல் ஏற்றவே முடியும். டோரண்ட் என்ற குதிரையை அழைக்கும் விசிலையும் அவள்தான் தருவாள். நான் கடற்கரைப் பக்கமாக இறங்கி வெகுநேரம் கால்நடையாகவே திரிந்ததால் அவள் வரத் தாமதமானது. அதுவரை லெவல் ஏற்றும் இடம் எங்கே என்று தெரியாமல், சேர்த்த ரூன்களைக் கையில் வைத்துக்கொண்டு செத்துச் செத்து இழந்துகொண்டிருந்தேன். கிரேஸைக் கவனித்துப் பார்த்தால் அதிலிருந்து ஒரு தங்கக் கீற்று ஏதோ ஒரு திசையில் நீளும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு வடக்கே கேட்ஃப்ரண்ட் இடிபாடுகள் வரை போய்விடுங்கள். அங்கே பாதையோரக் கல்தூணில் அந்தப் பகுதியின் மேப் இருக்கும், இடிபாட்டின் நிலவறையில் ஆயுதத்துக்குப் புதுத் திறன் பொருத்த உதவும் தீட்டுக்கத்தியும் இருக்கும். மேப் இல்லாத பகுதிகளில்கூட, மங்கலான அந்தத் தாளில் கல்தூண் எங்கே நிற்கிறது என்று ஒரு சின்னக் குறி தெரியும். உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படும். புதுப் பகுதிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தக் குறியை நோக்கி ஓடுங்கள்.

குதிரை வந்தபிறகு, வணிகர் கேலே உட்கார்ந்திருக்கும் எல்லே தேவாலயத்துக்கு ஒரு தடவை திரும்பிப் போக வேண்டும். அங்கே பெரிய தொப்பி போட்ட ஒரு சூனியக்காரி காத்திருப்பாள். அவள் தரும் மணி இருந்தால் ஆவிகளைத் துணைக்கு அழைத்துச் சண்டை போடலாம், மூன்று ஓநாய்களையும் சேர்த்தே தருவாள். தனியாக ஆடுகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி தொடக்கத்தில் கிடையாது. அவளைத் தவறவிட்டாலும் அந்த மணியைப் பிறகு ரவுண்டுடேபிள் ஹோல்ட் என்ற பொதுத் தங்குமிடத்தில் இருக்கும் இரட்டைக் கன்னிகளிடம் வாங்கிக்கொள்ளலாம், பதற வேண்டாம்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அகீல் ஏரியின் பக்கத்தில் எரிந்துபோன ஒரு இடிபாடு இருக்கிறது. படியிறங்கினால் நிலவறை, அதில் ஒரு புதையல் பெட்டி. அதுவரை திறந்த பெட்டிகளிலெல்லாம் நல்ல பொருளாகவே வந்திருந்தது. இதைத் திறந்ததும் வெள்ளைப் புகை கிளம்பிச் சுற்றிக்கொண்டது, திரை இருண்டது, கண் திறந்தால் ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறேன். அங்கே இருக்கும் பூச்சி மாதிரியான பிராணிகள் ஒரே வீச்சில் அம்புக் கூட்டம் விட்டால் முழு ஹெல்த்தும் போகிறது. மேப்பைத் திறந்து வேறு இடத்துக்குத் தாவப் பார்த்தால் முடியவில்லை. குகை, சுரங்கம் போன்ற இடங்களுக்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வரும்வரை அந்த வசதி வேலை செய்யாது. எனக்கு அது தெரியாது. கேம் கெட்டுவிட்டது, இத்தனை நாள் உழைப்பும் போனது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றே நினைத்துவிட்டேன். அன்றிரவு கண்ட்ரோலரை வைத்துவிட்டுப் படுத்தபோது தொண்டையை அடைத்தது. அதற்கப்புறம் சில நாட்கள் தொடவே இல்லை.

வெளியேறும் வழி இருக்கிறது. சுரங்கத்தில் உள்ள கிரேஸை முதலில் தொட்டுவிடுங்கள், செத்தால் அங்கிருந்து எழலாம். யாரையும் அடிக்க முயலாமல், குனிந்து பதுங்கியும் உருண்டும் வாயிலை நோக்கி ஓட வேண்டும். திறந்த வானத்துக்கு அடியில் வந்த அந்த நொடியில் மேப்பைத் திறந்து லிம்கிரேவுக்குத் தாவிவிடலாம். ஆனால் நான் வெளியே வந்ததும் தாவவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். வானம் முழுக்கச் சிவப்பு. அழுகிய மண், காளான் பூத்த மரங்கள், எங்கோ ஒரு பெரிய பறவையின் கத்தல். கேலிட் என்ற நாட்டை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். பயமும் வியப்பும் சேர்ந்து அப்படி அடித்த இன்னொரு இடம் எந்த கேமிலும் எனக்கு அமையவில்லை. அதனால் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறங்கள். திறப்பதற்கு முன் கையில் இருக்கும் ரூன்களை லெவலில் போட்டுச் செலவழித்துவிடுங்கள், வெளியே வந்தால் தாவலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரூன் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செத்தால் கையிருப்பு எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுப்பதற்குள் இன்னொரு தடவை செத்தால் நிரந்தரமாகப் போய்விடும். இது எல்லோருக்கும் சீக்கிரமே புரிந்துவிடும். புரிய நாளாவது வேறொன்று. பொருட்களாகக் கிடைக்கும் கோல்டன் ரூன்கள் பையில் இருக்கும்வரை, எத்தனை தடவை செத்தாலும் போகாது. ஆகவே கிடைத்ததும் உடைக்காதீர்கள். லெவலுக்குக் கொஞ்சம் குறைகிறது என்னும்போது கிரேஸில் நின்றுகொண்டு தேவையானதை மட்டும் உடையுங்கள். ஸ்டார்ம்வெய்ல் கோட்டைக்குள் காஸ்டாக் என்ற வாயில்காவலன் இருக்கிறான். அந்தக் கோட்டையில் நீங்கள் செத்தால் விழும் ரூன்களில் ஒரு பங்கை அவன் எடுத்துக்கொள்வான். எண்ணிக்கை குறைகிறதே என்று குழம்பியவர்களுக்கு விடை அதுதான்.

அந்தக் கோட்டை வாசலில் நிற்பவன் மார்கிட். கேமை வாங்கிய எத்தனையோ பேர் இவனோடு நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும், நானும் நிறுத்தும் நிலைக்கு வந்தேன். இவனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கோலை ஓங்குவான், ஓங்கியபடியே நிற்பான், நீங்கள் பதறி உருண்டு முடித்ததும் அடிப்பான். ஓங்கும்போது உருளக் கூடாது, அந்தக் கை கீழே வரத் தொடங்கும்போது உருள வேண்டும். ஆனால் கை பழகுவதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. தங்கக் கீற்று நேராக அவனிடம் காட்டுவதால் அடுத்து அவன்தான் என்று தோன்றும், உண்மையில் அவனுக்கு முன் ஒரு முழு நிலப்பரப்பே பாக்கி இருக்கிறது. லிம்கிரேவுக்குத் தெற்கே பாலத்தைத் தாண்டினால் வீப்பிங் பெனின்சுலா. எப்போதும் மழை தூறும் சோகமான ஊர். அங்கே இருக்கும் மூன்று தேவாலயங்களிலும் ஒவ்வொரு சேக்ரட் டியர் கிடைக்கும். அது ப்ளாஸ்க் ஒரு மடக்கில் நிரப்பும் ஹெல்த்தைக் கூட்டும். சாலையோரங்களில் தங்கமாக ஒளிரும் சின்னச் செடிகளைப் பார்த்தால் விடாதீர்கள், அதில் கிடைக்கும் கோல்டன் சீட் ப்ளாஸ்க்கின் எண்ணிக்கையைக் கூட்டும். நான் அங்கே போய் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது அதே மார்கிட் சமாளிக்கக்கூடிய ஆளாகத் தெரிந்தான். அவனுடைய மூடுபனிக் கதவுக்கு முன்னால் தரையில் ரோஜியர் என்ற மந்திரவாதியின் தங்கக் குறி இருக்கும், அதைத் தொட்டால் அவர் கூட வந்து சண்டை போடுவார். தனியாக ஜெயித்தால்தான் ஜெயித்ததாக அர்த்தம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கேம் வைத்திருக்கும் உதவியை எடுப்பதும் கேமை ஆடுவதுதான்.

லெவலை எதில் போடுவது என்பது அடுத்த தலைவலி. ஆரம்பத்தில் எல்லோரும் அடியின் பலத்தைக் கூட்டத்தான் ஆசைப்படுவோம். லெவலால் கிடைக்கும் அடிபலம் தொடக்கத்தில் மிகக் குறைவு. அடிபலம் ஆயுதத்தை மேம்படுத்துவதில் இருக்கிறது, அதற்கு வேண்டியது ஸ்மிதிங் ஸ்டோன். மேப்பில் செம்மஞ்சள் விளிம்போடு கறுப்பாக ஒரு சின்னக் குழி தெரிந்தால் அது சுரங்கம், கல் அங்கேதான் கொட்டிக் கிடக்கும். எல்லே தேவாலயத்தில் இருக்கும் பட்டறையில் 3 வரை ஏற்றிக்கொள்ளலாம், அதற்கு மேல் ரவுண்டுடேபிளில் இருக்கும் கொல்லர் ஹ்யூக்தான். சாதாரண ஆயுதம் 25 வரை ஏறும், சோம்பர் கல் கேட்கும் சிறப்பு ஆயுதம் 10 வரை. லெவலை ஹெல்த்தைக் கூட்டும் விகரில் போடுங்கள். விகர் 10 இருந்தால் ஹெல்த் 414தான். 40க்குப் போனால் 1450, 60இல் 1900. அதற்கு மேல் ஏற்றுவதால் கிடைப்பது சொற்பம். நான் விகரை 40க்குக் கொண்டுபோன வாரத்தில்தான், ஒரு எதிரியின் முழு அடிவரிசையையும் உயிரோடு இருந்து பார்த்தேன். பார்த்தால்தானே கற்றுக்கொள்ள முடியும்? கவசம், ஆயுதம் என்று மாட்டியிருப்பதன் மொத்த எடை, உங்களால் சுமக்க முடிகிற அளவில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் உருளுவது விழுவது போல ஆகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்த உலகத்து மனிதர்கள் விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே மனக்குறை உண்டு. யார் எங்கே போனார்கள், யாருக்கு என்ன செய்வதாகச் சொன்னோம் என்று குறித்துவைக்கும் பட்டியல் எதுவும் இந்த கேமில் கிடையாது. 2022 மார்ச்சில் வந்த 1.03 அப்டேட்டில் சந்தித்த ஆட்களின் இடம் மேப்பில் தெரியும்படி செய்தார்கள், அது பெரிய ஆறுதல். அதற்கு மேல் நம் நினைவுதான். வீப்பிங் பெனின்சுலாவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டியதும் ஐரினா என்ற பார்வையற்ற பெண் உட்கார்ந்திருப்பாள், அந்தப் பகுதிக் கோட்டையில் இருக்கும் தன் அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புவாள். கோட்டையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் கிடந்த நிலையைப் பார்த்து வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யாரைச் சந்தித்தாலும், அவர்கள் அதே வசனத்தைத் திருப்பிச் சொல்லும்வரை பேசிக்கொண்டே இருங்கள், முதல் வசனத்தோடு நகர்ந்தால் கதை பாதியில் நின்றுவிடும். ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னால் உடனே எழுதிவையுங்கள். ஆள் இல்லாத இடத்தில் குரல் மட்டும் கேட்டாலும் நின்று தேடுங்கள். அகீல் ஏரிக்குக் கிழக்கே ஒரு புதரிலிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டது. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்தச் செடியைத் தட்டினேன், பாக் என்ற தையல்காரன் அதற்குள்ளிருந்து வெளிப்பட்டான். அவனைத் தாண்டிப் போயிருந்தால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த உயிரைத் தெரியாமலே போயிருக்கும்.

தனியாக ஆடினாலும் இணையத்தோடு இணைத்து ஆடுங்கள். மற்றவர்கள் தரையில் எழுதிவிட்டுப் போன செய்திகள் தெரியும். சிவப்பு ரத்தக்கறையைத் தொட்டால் அங்கே செத்தவரின் கடைசி நொடிகள் நிழலாக ஓடும், முன்னால் பொறி இருக்கிறதா என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். செய்திகளில் பொய்யும் உண்டு. குதித்தால் புதையல் என்று பள்ளத்தின் விளிம்பில் எழுதியிருந்தால் நம்பாமல் முதலில் ஒரு ரெயின்போ கல்லைக் கீழே போடுங்கள். கல் சிதறினால் நீங்களும் பிழைக்க மாட்டீர்கள். நாம் எழுதிய செய்தியை வேறொருவர் நன்று என்று குறித்தால் அந்த நொடியே நம் ஹெல்த் ஏறும். ஒரு சண்டையில் ப்ளாஸ்க் தீர்ந்து அடுத்த அடிக்காகக் காத்திருந்தபோது எனக்கு அப்படி ஹெல்த் ஏறியது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் நான் எப்போதோ எழுதியதைப் படித்திருக்கிறார். அந்தச் சண்டையை ஜெயித்தேன். அதற்கப்புறம் நல்ல செய்தி எதைக் கண்டாலும் குறிக்காமல் நகர்ந்ததில்லை.

மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு கல் மண்டபமும் அதற்குள் ஒரு லிஃப்டும் இருக்கின்றன. அது எங்கே போகிறது என்று நான் எழுத மாட்டேன், யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் மாற்றவே முடியாதவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேம் தானாகவே சேவ் ஆகிக்கொண்டே இருக்கும், பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இல்லை. ஒரு ஆளைத் தவறுதலாக அடித்துப் பகையாக்கிவிட்டால் லியூர்னியா என்ற பகுதியில் உள்ள சர்ச் ஆஃப் வவ்ஸில் செலஸ்டியல் டியூ என்ற பொருளைக் கொடுத்துச் சரிசெய்யலாம், கொன்றுவிட்டால் வழியில்லை. கதையின் பிற்பகுதியில் ஃபாரம் அசூலா என்ற இடத்தில் மலிகெத் என்ற பெரிய எதிரியை வீழ்த்தியதும் தலைநகரம் லெய்ண்டெல் சாம்பலில் மூழ்கிவிடும். அந்த நகரத்தில் எடுக்க வேண்டியது, பேச வேண்டியது எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அதே தலைநகரத்தின் சாக்கடைகளுக்கெல்லாம் அடியில் ஒரு மூடிய கதவு இருக்கிறது, உடைகளை எல்லாம் கழற்றிவிட்டு வரச் சொல்லும். அதைத் திறந்து உள்ளே நடப்பதை ஏற்றுக்கொண்டால் கதையின் முடிவு ஒரே பக்கமாகப் பூட்டிக்கொள்ளும். திரும்பிவர ஒரு வழி உண்டு, ஆனால் அது மிக நீண்டது. கணினியில் ஆடுகிறவர்கள் சேவ் ஃபைலை அவ்வப்போது வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

கடைசியாகப் பணம் போன கதை. 2024 ஜூன் 21 அன்று ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கம் வந்தது. முன்கூட்டியே பணம் கட்டி, வெளியான இரவே உள்ளே போகக் காத்திருந்தேன். போக முடியவில்லை. ரடான், மோக் என்ற இரண்டு பெரிய எதிரிகளையுமே வீழ்த்தியிருந்தால்தான் அந்த வழி திறக்கும். மூலக்கதையை முடிக்க மோக் தேவையே இல்லை, ஆகவே அவனைப் பார்க்காமலே வந்தவர்கள் என்னைப் போல நிறையப் பேர். அவன் இருக்கும் இடத்துக்கு ஒரு வழி பனிமலைகளுக்கு அப்பால் உள்ள ரகசியப் பனிவெளியிலிருந்து போகிறது. இன்னொன்று, கேமின் தொடக்கத்தில் வெள்ளை முகமூடியோடு பேசும் வாரே என்பவரைத் தொடர்ந்து போனால் முன்னதாகவே கிடைக்கும். எனக்கு அங்கே போய் அவனை வீழ்த்தப் பல வாரங்கள் ஆயின. பணம் கட்டிய பொருள் அதுவரை சும்மா கிடந்தது. எல்லோரும் புது நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது காதைப் பொத்திக்கொண்டு பழைய நாட்டில் நின்றிருந்தது கசப்பாகத்தான் இருந்தது. நீங்கள் விரிவாக்கத்தை வாங்குவதற்கு முன் இந்த இரண்டு பேரையும் முடித்துவிடுங்கள், அதுவரை பணம் உங்களிடமே இருக்கட்டும். உள்ளே போனபிறகு, வெளியே சேர்த்த லெவலை மட்டும் நம்பாதீர்கள். அங்கே ஸ்காடுட்ரீ துண்டுகள் என்று தனியாக ஒன்று உண்டு. மிக்கெல்லா என்ற கதாபாத்திரத்தின் சிலுவைகளின் அருகிலும் தேவாலயங்களிலும் கிடைக்கும். உங்கள் அடியும் தாங்குதிறனும் அங்கே ஏறுவது அதனால்தான், 20 வரை ஏற்றலாம். முதல் பெரிய பாஸிடம் மாட்டிக்கொண்டால் சண்டையை விட்டுவிட்டுத் துண்டுகளைத் தேடிக் கிளம்புங்கள். கிடைத்ததும் கிரேஸில் உட்கார்ந்து மெனுவில் போய்ச் செலவழியுங்கள், பையிலேயே கிடந்தால் அவற்றால் ஒரு பலனும் இல்லை.